போகாத ஊருக்கு ஒரு பாலம்

பதினாறு பேரில் பதின்மூன்று பேர் ஒரே இடத்தில் செத்துப்போனார்கள். செத்ததோடு போயிருந்தால் ஒகிதா கயோ கவலைப்பட்டிருக்க மாட்டாள். வீடியோ கேமில் சாவதெல்லாம் ஒரு சாவா, தும்மல் மாதிரிதான். தும்மிவிட்டு எழுந்து வேறு பக்கம் நடக்க வேண்டியது. இவர்களோ எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, மறுபடி அதே இடத்துக்குப் போய் மறுபடியும் செத்தார்கள். அதுதான் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒசாகாவில் நகாத்சு ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நான்காவது மாடியில் அவர்கள் கம்பெனி. மூன்று வருடமாக ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று திங்கட்கிழமை. இதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்திராத பதினாறு பேரை வெளியிலிருந்து வரவழைத்து உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, 'உங்கள் இஷ்டம்போல் விளையாடுங்கள்' என்று விட்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது. வழி கேட்டாலும் சொல்லக் கூடாது. அது சட்டம்.

ஆனால் யாரும் வழி கேட்கவே இல்லை.

விளையாட்டின் உலகத்தில் ஏழு நிலங்கள். ஆரம்பம் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்து ஊர். அங்கிருந்து நாலு பக்கமும் வழி பிரியும். தெற்கே ஆற்றுக் கழிமுகம், கிழக்கே மூங்கில் காடு, மேற்கே கல் உடைக்கும் மலை, வடக்கே ஒரு பாலம். மற்ற நிலங்கள் இவற்றுக்கும் அப்பால். எங்கும் சுவர் கிடையாது, பூட்டிய கதவு கிடையாது. "நான் கட்டுற உலகத்துல சுவர் இருக்காது" என்று மூன்று வருடத்துக்கு முன் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் கயோதான். அப்படியானால் எந்த நிலம் முதலில், எது பிறகு என்று ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அங்கங்கே நிற்கும் எதிரிகளின் பலம் சொல்லிவிடும். கழிமுகத்தில் நண்டு, நாலு அடியில் விழும். காட்டில் பன்றி, கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும். வடக்குப் பாலத்தில் இரும்புக் கொக்கு. ஒற்றைக் காலில் நிற்கும். கிட்டே போனால் ஒரே கொத்து, கதை முடிந்தது.

அந்தக் கொக்கு காவல்காரன் இல்லை, அறிவிப்புப் பலகை. 'தம்பி, இது உனக்கு இப்போது வேண்டாம், ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வா' என்று கயோ அதை நிறுத்திவைத்திருந்தாள். பாலத்துக்கு அப்பால் இருந்தது ஏழாவது நிலம். உப்பளக் கரை. அது முழுக்க அவள் கைவேலை. நாற்பது குடிசை, நாற்பது குடிசைக்கும் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பேர், ஒரு பேச்சு. யார் காலையில் கஞ்சி குடிப்பார், யாருக்கு மருமகளோடு சண்டை என்பதுவரை எழுதியிருந்தாள். கம்பெனியில் யாரும் கேட்காத வேலை அது. பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவளுக்கு அந்த உப்பளத்தின்மேல் உயிர்.

பதின்மூன்று பேரும் கொக்கிடம் செத்தார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி, முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஓடும் வயல் எலிகளை அடிக்க ஆரம்பித்தார்கள். எலி என்பது இந்த உலகத்திலேயே அற்பமான ஜீவன். அதை அடித்தால் பலம் கடுகளவு கூடும். கடுகு கடுகாகச் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாலத்துக்குப் போனார்கள். கொக்கு கொத்தியது. மறுபடி எலி. தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்றும் விரியத் திறந்து கிடந்தன, ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

சாயங்காலம் கேள்வித்தாளைப் பார்த்தபோது குழப்பம் இரட்டிப்பாயிற்று. 'விளையாட்டு பிடித்திருந்ததா?' மிகவும் பிடித்திருந்தது. 'கஷ்டமாக இருந்ததா?' இல்லை. 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என் முயற்சி போதவில்லை, மன்னிக்கவும். பதின்மூன்று தாளிலும் ஏறக்குறைய அதே வாக்கியம்.

"யாரு கிட்ட மன்னிப்பு கேக்கறாங்க? கொக்கு கிட்டயா?" என்றாள் கயோ.

"உங்க கிட்டதான். கொக்கை வளர்த்த அம்மா இல்லையா நீங்க" என்றான் இவாசே. விளையாட்டுக்குக் கணினி நிரல் எழுதுகிறவன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், நாக்கில் மட்டும் நல்லது தங்காது. "வெளிநாட்டுக் கிளையில இதே ஆட்டத்தைப் போன மாசம் இருபது பேருக்குக் கொடுத்தாங்க. பதினெட்டு பேரு ஒரு கொத்து வாங்கினதும் 'சீ போ'ன்னு தெக்கால திரும்பிட்டாங்க. அங்க சரியா இருக்கு, இங்க மட்டும் கோளாறு. அப்ப கோளாறு கொக்குலயா, நம்ம ஜனங்க கிட்டயா?"

"நீ சும்மா இரு. எனக்கே தலை சுத்துது."

இயக்குநர் தொகுராவுக்குத் தலை சுற்றவில்லை. ஐம்பத்திரண்டு வயது, இருபது விளையாட்டுகள் முடித்துக் கொடுத்தவர், வாயில் எந்நேரமும் உப்புப் பிளம் மிட்டாய். தாள்களைப் புரட்டிவிட்டு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏம்மா ஒகிதா, இது திறந்த உலகமா, திறந்த சவக்குழியா?"

"ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்கன்னா போதும் சார்..."

"பார்க்கலையே. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள புதுசா எட்டு பேரை உக்கார வச்சா அதுல அஞ்சு பேராவது தானா திரும்பணும். இல்லேன்னா சுவர் கட்டிடுவோம். ஒரே வழி, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, நேர் கோடு. நேர் கோடுன்னா ஏழு நிலம் தேவையில்ல, ஆறு போதும்." கொஞ்சம் நிறுத்தி, "உப்பளத்தைத்தான் எடுக்கணும். அதை மட்டும்தான் கழட்டினா மத்தது இடியாது" என்றார்.

கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் கயோ சண்டை போட்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கொக்கின் பலத்தை இரண்டு மடங்காக்கினாள். கொத்து வாங்கினால் பத்து அடி தள்ளிப் போய் ஆற்றில் விழ வேண்டும். இதற்கு மேலும் ஒருவன் புரிந்துகொள்ள மாட்டானா? புது எட்டுப் பேர் வந்தார்கள். ஆற்றில் விழுந்தார்கள். நனைந்தபடி எழுந்து எலி அடிக்கப் போனார்கள், போன ஆட்களைவிட இரண்டு மடங்கு நேரம்.

புதன்கிழமை பாலத்தின் வாயிலில் பெரிய பலகை வைத்தாள். 'ஆபத்து. திரும்பிப் போ.' போதாததற்குச் சுற்றிலும் உடைந்த வாள்கள், மண்டை ஓடுகள். இவாசே ஆசையாக ஒரு காக்கையையும் உட்கார வைத்துக் கொடுத்தான். அன்று வந்த எட்டுப் பேரும் பலகையின் முன் நின்று நிதானமாகப் படித்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மண்டை ஓடுகளைப் பார்த்துக் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடினார். 'எனக்கு முன்னால் இத்தனை பேர் இங்கே போராடியிருக்கிறார்கள்' என்று பிற்பாடு தாளில் எழுதியிருந்தார். அவர் மூன்று மணி நேரம் எலி அடித்தார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். பயமுறுத்தப் பயமுறுத்த ஜனங்களுக்கு உறுதி ஏறிக்கொண்டே போனது. கயோ தன் இருக்கையில் உட்கார்ந்து தானே ஒருமுறை விளையாடிப் பார்த்தாள். கொக்கைப் பார்த்ததும் தெற்கே திரும்பினாள். இதில் என்ன சிக்கல்? தெருவில் நாய் குரைத்தால் அடுத்த தெருவில் போக மாட்டோமா? அவள் இந்த உலகத்தைக் கட்டியவள், அதனால் திரும்புகிறாள் என்று தோன்றியது. அப்படியானால் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஏன் திரும்பினான்? யோசிக்க யோசிக்க இருந்த தெளிவும் போயிற்று.

அன்று மத்தியானம் அவள் சட்டத்தை மீறினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலோர மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நிஷிவாகி யசுயோ, ஐம்பத்தெட்டு வயது. திங்கட்கிழமை வந்த பதினாறு பேரில் ஒருவர். மற்றவர்கள் அன்றே விடைபெற்றுப் போய்விட, இவர் மட்டும் தயங்கித் தயங்கி, 'பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, நாளைக்கும் வரலாமா' என்று கேட்டார். முடியாது என்று சொல்ல அந்தக் கம்பெனியில் யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் தினமும் ஒரு மணிக்கு வந்தார். காலையில் ஜூசோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரிக்கிற வேலை. அதை முடித்துக்கொண்டு நேரே வருவார், மேலெல்லாம் எண்ணெய் வாசனையோடு. அவருடைய கணினியில் திங்கட்கிழமை ஆட்டமே ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக மாற்றினால் அவர் அடித்த எலியெல்லாம் வீணாகிவிடும் என்று இவாசேதான் தொடாமல் விட்டிருந்தான்.

கயோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யசுயோ கைப்பையைத் துழாவி முதலில் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். ஒசாகாவில் அந்த வயதுப் பெண்களின் கைப்பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, மிட்டாய் இருக்கும்.

"இந்தாம்மா, சாப்பிடு. முகமெல்லாம் வாடிக் கெடக்கு."

"நிஷிவாகி சான், ஒண்ணு கேக்கலாமா? கொக்கு உங்களை எத்தனை தடவை கொன்னுருக்கு?"

"எண்ணலையே. நாப்பது இருக்கும்."

"வேற வழியில போகணும்னு தோணலையா?"

யசுயோ திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கேள்வி புரியாதவர் பார்க்கிற பார்வை.

"வேற வழின்னா?"

"தெக்க ஒண்ணு இருக்கு, கிழக்க, மேக்க..."

"அங்க யாரும் நிக்கலையேம்மா."

"அதான் சொல்றேன். யாரும் நிக்கல. சுலபமா போகலாம்."

"யாரும் நிக்காத வழி எங்க போய்ச் சேரும்? எதுவும் இல்லாத இடத்துக்குத்தான். இங்க பாரு, இவ்வளவு பெரிய ஆளை நிறுத்தி வச்சிருக்காங்க. அப்ப இதுதானே வழி?" எலி ஒன்று குறுக்கே ஓட, பேச்சை நிறுத்தாமலே அடித்தார். "என் பையன் சின்னவனா இருக்கறப்ப அவன் பள்ளிக்கூடம் போனதும் நான்தான் அவன் கேம்ல லெவல் ஏத்தி வைப்பேன். பாத்திரம் தேச்சுட்டு உக்காந்தா மூணு மணி வரைக்கும் இதே வேலை. அவன் வந்து ஒரே வெட்டுல பெரிய பூதத்தைச் சாய்ச்சுட்டு 'நான் கெட்டிக்காரன்'னு குதிப்பான். இப்ப நாகோயாவுல இருக்கான், கழுதை, போனே பண்ண மாட்டான்."

"ஆனா இது சலிக்கலையா? எலியே அடிச்சுக்கிட்டு?"

"சலிக்கறதாவது! காலையில அஞ்சு மணி நேரமும் கொரோக்கே திருப்பிப் போட்டாலும் ஒண்ணும் மாறாது. இங்க ஒரு எலி அடிச்சா ஒரு புள்ளி ஏறுது பாரு. எவ்வளவு நேர்மையா இருக்கு!"

கயோ மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகும்போது இருந்ததைவிட வெளியே வரும்போது அவளுக்கு அதிகம் குழம்பியிருந்தது. வழி தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்து உதவப் போனாள். அந்த அம்மாளோ தவிக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தார். தவிக்கிறவள் தான் மட்டும்தான் என்பது கயோவுக்கு எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஊதொன் நூடுல்ஸ் சாப்பிடப் போகும் வழியில் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் வேலை. குழியைச் சுற்றித் துணிப்பட்டை; முன்னால் ஒரு தகரப் பலகை. அதில் தலைக்கவசம் போட்ட ஓர் ஆள் இடுப்பை மடித்துக் குனிந்து நிற்கும் படம். 'உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறோம், மன்னிக்கவும்.' கயோ அனிச்சையாக அந்தப் படத்துக்குத் தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு, சுற்றுவழியில் திரும்பினாள். பத்து எட்டு வைத்த பிறகுதான் நின்றாள். குழி சின்னது. ஓரமாகத் தாண்டிப் போயிருக்கலாம். பின்னால் வந்த அலுவலகக்காரர்கள் நான்கு பேரும் அதேபோல் தலை தாழ்த்தி அதேபோல் திரும்பினார்கள்.

சாப்பிடாமலே மாடிக்கு ஓடினாள்.

"இவாசே, அந்தக் காக்கையைத் தூக்கு. பலகை, மண்டை ஓடு எல்லாத்தையும் தூக்கு. கொக்கு பக்கத்துல ஒரு ஆளை நிறுத்து. குனிஞ்சு நிக்கணும்."

"யாரு அவரு?"

"யாரோ. 'கொக்குக்கு உடம்பு சரியில்ல, உங்களுக்குச் சிரமம் கொடுக்கறோம், தயவு செஞ்சு சுத்திப் போங்க'ன்னு சொல்லணும். வழியை மறைக்கக் கூடாது, தாண்டிப் போறவன் போகலாம். அவரு குனியறது மட்டும்தான்."

"கொக்கு கொன்னப்போ திரும்பாதவங்க இவரு குனிஞ்சா திரும்பிடுவாங்களா?"

"நீ வையேன்."

அன்று வந்த எட்டுப் பேர் பாலத்துக்கு வந்தார்கள். குனிந்த ஆளைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவர் தலையும் ஒருமுறை தாழ்ந்தது. எட்டுப் பேரும் திரும்பினார்கள். ஒருவர்கூடக் கொத்து வாங்கவில்லை. தெற்கே இரண்டு பேர், கிழக்கே நான்கு பேர், மேற்கே இரண்டு பேர். மூன்று வருடமாக அவள் கனவு கண்ட மாதிரியே ஆளுக்கொரு திசையில் உலகம் விரிந்தது. கயோ கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அழுதுவிடுவோம் போலிருந்தது, சிரித்து வைத்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு ராத்திரி.

வெள்ளிக்கிழமை காலை தொகுரா அந்த எட்டுப் பேரையே மறுபடி வரவழைத்தார். ஆறு நிலங்களும் முடித்த, மலையைப் பிளக்கும் பலம் உள்ள விளையாட்டு ஆட்களை அவர்கள் கையில் கொடுத்து, 'இனி எங்கு வேண்டுமானாலும் போங்கள்' என்றார். மூன்று மணி நேரம். காட்டுக்குப் போனார்கள், மலைக்குப் போனார்கள், கழிமுகத்தில் மீன் பிடித்தார்கள். பாலத்துப் பக்கம் ஒருவரும் போகவில்லை. முடிந்தபின் ஏன் என்று கேட்டபோது ஒரு கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவரு அவ்வளவு பணிவா கேட்டுக்கிட்டாரே. திரும்பவும் போய் நின்னா அவருக்குச் சங்கடமா இருக்காதா?"

தொகுரா அறைக் கதவைச் சாத்தினார்.

"எட்டுக்கு எட்டு திரும்பினாங்க. சொன்ன வார்த்தை சொன்னதுதான், சுவர் கட்டல. ஆனா உப்பளத்துக்கு யாருமே போக மாட்டாங்கன்னா அது எதுக்கு? போகாத ஊருக்கு வழி வச்சு என்ன பண்றது?"

"சொல்ற வார்த்தையை மாத்திப் பார்க்கறேன் சார். 'அப்புறம் வாங்க'ன்னு..."

"மணி என்ன ஆச்சு? நாலு மணிக்குக் கூட்டம். நாலு நாளா நீ வார்த்தையை மாத்தற, கொக்கை மாத்தற. நம்ம ஆளுங்க ஒண்ணு முட்டிக்கிட்டே நிப்பாங்க, இல்ல ஒரேயடியா போயிடுவாங்க. நடுவுல ஒண்ணு இருக்கறதா எனக்குத் தெரியல." பிளம் மிட்டாய் காலியாகிவிட்டது போலிருந்தது, வெறும் வாயை மென்றார். "ஆறு நிலம் நல்லா வந்திருக்கு ஒகிதா. நிஜமாத்தான் சொல்றேன்."

கயோ தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சுவர் வேண்டாம் என்று ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்ததால் உப்பளம் போகிறது. தோற்றிருந்தாலும் போயிருக்கும். அப்படியானால் எதற்காக நாலு நாள் அடித்துக்கொண்டோம்? நாற்பது குடிசையும் நாற்பது பேரும் மனசில் வரிசையாக வந்து நின்றார்கள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது.

யசுயோ எழுந்து நின்றுகொண்டிருந்தார். கன்ட்ரோலரை மார்போடு அணைத்திருந்தார். திரையில் இரும்புக் கொக்கு பாலத்தின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஐந்து நாள், பதினெட்டு மணி நேரம். எலியைத் தவிர வேறெதையும் அடிக்காமல் ஒரு மனுஷி அந்தக் கொக்கைச் சாய்த்துவிட்டார். இவாசே கணக்கு எடுத்துப் பார்த்தான், எலிகள் ஆறாயிரத்துச் சொச்சம்.

"விழுந்துருச்சு! விழுந்துருச்சு பாத்தீங்களா!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. தொகுராவும் வந்து பின்னால் நின்றார். யசுயோ உட்கார்ந்து, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி நடந்தார்.

வெளியாள் ஒருவர் உப்பளக் கரையில் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளை வெளேரென்று பாத்திகள், தூரத்தில் குடிசைகள், சாய்ந்த வெயில். ஒரே ஒருவராவது பார்த்தாரே என்றிருந்தது கயோவுக்கு. முதல் குடிசையிலிருந்து ஒரு கிழவர் ஓடிவந்து குனிந்து வணங்கினார். அவர் பேச ஆரம்பித்ததுமே கயோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

'கழிமுகத்து வெள்ளத்தில் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது நீங்கள்தானே! இந்த நன்றியை எப்படித் தீர்ப்போம்!'

கழிமுகத்துக்கு யசுயோ போனதே இல்லை. ஆறு நிலங்களும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் ஆட்கள் இங்கே வருவார்கள் என்று நினைத்து கயோ எழுதியது அது. வந்தவர் அதையெல்லாம் செய்தவர்தானா என்று சரிபார்க்க நிரலில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூடப் போடவில்லை. முன்கூட்டியே ஒருவர் வருவார் என்று அவள் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. திறந்த உலகம், எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஊரெல்லாம் பறையடித்தவளுக்கே அதில் நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

குடிசை குடிசையாக ஆட்கள் வந்தார்கள். காட்டில் தீயை அணைத்ததற்கு ஒருத்தி நன்றி சொன்னாள். மலையில் தன் தம்பியை மீட்டதற்கு ஒருவன் உப்பு மூட்டையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான். ஒரு குழந்தை மீன் வைத்தது.

"இதுவும் தப்பா?" என்று தொகுரா கயோவின் காதோரம் கேட்டார்.

"தப்புதான் சார். என் தப்பு."

யசுயோ கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, முழங்கால்மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். கொக்கைச் சாய்த்த சந்தோஷம் முகத்தில் ஒரு பொட்டு இல்லை.

"நான் எதுவும் பண்ணலையே" என்றார் திரையைப் பார்த்து. "எந்தப் பிள்ளைங்க? எந்த வெள்ளம்? நான் எலிதானே அடிச்சேன்."

திரையில் இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்தார்கள்.

"இவ்வளவு பேரு வந்து கும்பிடறாங்க. யாரையோ நெனச்சுக்கிட்டு என்னைக் கும்பிடறாங்க. ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசுது." மீனையும் உப்பு மூட்டையையும் அவர் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே திரைக்கு ஆழமாகத் தலை வணங்கினார். பிறகு கன்ட்ரோலரை எடுத்து ஆளைத் திருப்பினார். பாத்திகளைத் தாண்டி, விழுந்து கிடந்த கொக்கைத் தாண்டி, வந்த பாலத்தின் வழியே திரும்ப நடந்தார்.

"நிஷிவாகி சான், எங்க போறீங்க?" கயோவால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளைங்களைக் காப்பாத்தத்தான். வேற எங்க போறது? நன்றி வாங்கியாச்சு, வேலையைச் செய்யாம எப்படி இங்க முகத்தைக் காட்டுறது? எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்து அப்புறம் அந்த மீனை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் கெட்டுப் போகாதுல்ல?"

"கெடாது" என்றான் இவாசே. அவன் குரலில் கிண்டல் இல்லாதது கயோவுக்கே விசித்திரமாக இருந்தது.

தொகுரா சட்டைப் பையைத் தடவினார், மிட்டாய் இல்லை. யசுயோவின் கைப்பை ஓரமாகத் திறந்திருந்தது. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். தொகுரா வாங்கிக்கொண்டார்.

"இவாசே, அந்தக் குனியற ஆளை எடுத்துடு. கொக்கோட பலத்தைக் குறை. ஒரு மணி நேரம் எலி அடிச்சா விழற அளவுக்கு." மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தார். "அப்புறம் ஒகிதா சொன்னாளே, அந்தத் தப்பு. அதைத் திருத்திடாத."

"உப்பளம் சார்?" என்றாள் கயோ.

"அது இல்லாம எப்படிம்மா? நன்றி சொல்ல ஆள் வேண்டாமா?"

அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். கயோவுக்கு எதுவும் விளங்கவில்லை. சுவர் கட்டித் தடுக்கவில்லை, பயம் காட்டித் தடுக்கவில்லை, கெஞ்சியும் இல்லை. தான் செய்யாத ஒன்றுக்கு ஒருவர் கும்பிட்டால் இந்த ஜனங்கள் திரும்பி நடக்கிறார்கள். நாலு நாளாக அவள் மூளையைக் கசக்கித் தேடியது அவள் மறந்துபோய் விட்ட ஒரு வரியில் கிடந்திருக்கிறது. இதை அவள் கட்டினாளா, தானாகக் கட்டிக்கொண்டதா? அழுகை வந்தது, அதற்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரையில் யசுயோவின் ஆள் முட்டைக்கோஸ் தோட்டத்து நாற்சந்தியில் வந்து நின்றது. எலிகள் காலடியில் ஓடின, அவர் அடிக்கவில்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் வழி தெரியாத குழப்பம் தெரிந்தது.

"ஏம்மா, அந்தக் கழிமுகம்னாங்களே, அதுக்கு எப்படிப் போறது?"

வழி கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது சட்டம். கயோ அதை நினைத்து நிற்கவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கல் கல்லாக அந்த உலகத்தைக் கட்டியவளுக்கு, நிஜமாகவே ஒருவர் கேட்டு நின்ற அந்த நிமிஷத்தில், தெற்கு எந்தப் பக்கம் என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.